நெதர்லாந்தில் ஏழு நாள் சைக்கிள் பயணம்: திட்டம் சரியா, பார்த்துச் சொல்லுங்கள்

கேரியர்பை:

வணக்கம். மே கடைசியில் நானும் மனைவியும் நெதர்லாந்தில் ஏழு நாள் சைக்கிளில் போகலாம் என்று இருக்கிறோம். டூர் கம்பெனி கிடையாது, வழியை நாங்களே பார்த்துக்கொள்வோம். இப்போதைய திட்டம்: ஆம்ஸ்டர்டாமில் வாடகை வண்டி எடுத்து ஹார்லம், லைடன், டெல்ஃப்ட் வழியாகக் கடற்கரையை ஒட்டி ஸேலாந்து மாகாணத்து வ்லிசிங்கன் வரை மிதிப்பது, அங்கிருந்து வண்டியோடு ரயிலில் திரும்புவது. தரை தட்டை என்பதால் நாளைக்கு 70 கி.மீ. வரை போகலாம் என்று கணக்கு.

இது சரிவருமா? எண் போட்ட பலகைகளைப் பார்த்தே போகலாம் என்கிறார்களே, எப்படி? எந்த மாதிரி வண்டி கேட்டு வாங்க வேண்டும்? ரயிலில் வண்டி ஏற்ற என்ன விதி? பஞ்சர் ஒட்டத் தெரியும், ஆனால் கியர் வண்டியில் பின்சக்கரம் கழற்றத் தெரியாது.

எதிர்க்காற்று:

பாதை நல்ல பாதை, திசைதான் தலைகீழ். அங்கே ஆண்டின் பெரும்பகுதி காற்று தென்மேற்கிலிருந்து வரும். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வ்லிசிங்கன் எந்தத் திசை? அதே தென்மேற்கு. போகும்போது முழுக்கக் காற்றை முகத்தில் வாங்கிவிட்டு, பின்காற்று கிடைக்கிற திரும்பும் வழியில் ரயிலில் உட்கார்ந்து வரப் போகிறீர்கள்.

மேடு இல்லாத நாட்டில் காற்றுதான் மேடு. மேட்டுக்காவது ஒரு இறக்கம் உண்டு, இதற்கு அதுவும் கிடையாது. பை மாட்டிய வாடகை வண்டியில் காற்றில்லாத நாளில் மணிக்கு 15, 16 கி.மீ. வரும். எதிரே காற்றின் வேக அளவான பியூஃபோர்டில் 5 அடித்தால் (மணிக்கு 29 முதல் 38 கி.மீ.) வேகம் 10, 11க்கு இறங்கிவிடும். அப்போது நாலரை மணி நேரத்தில் முடிய வேண்டிய 70 கி.மீ. ஏழு மணி நேரம் இழுக்கும். நின்று சாப்பிடுவது, படகுக்குக் காத்திருப்பது எல்லாம் தனி. அதனால் நாளைக்கு 45, 50 என்று வையுங்கள்.

முதல் நாள் வண்டியோடு ரயிலில் வ்லிசிங்கன் போய்விடுங்கள். அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் நோக்கி மிதித்தால், எடுத்த கடையிலேயே வண்டியைத் திருப்பிக் கொடுக்கவும் வசதி. நாள்கணக்கு (கி.மீ.யில்) சுமாராக இப்படி வரும்:

வ்லிசிங்கனிலிருந்து டோம்பர்க் வழியாக பர்க்-ஹாம்ஸ்டேடே 45 முதல் 50. அங்கிருந்து ப்ரௌவர்ஸ் அணை, அவுடோர்ப் வழியாக ஹெலவூட்ஸ்லௌஸ் 45. அடுத்த நாள் பிரிலே, ரோசன்பர்க், படகில் மாஸ்லௌஸ், பிறகு டெல்ஃப்ட்: 40. டெல்ஃப்ட், த ஹேக், லைடன், நோர்ட்வைக் 45. நோர்ட்வைக்கிலிருந்து ஹார்லம் 30, கடைசியாக ஆம்ஸ்டர்டாம் 20. ஆக மிதிக்கிற நாள் ஆறு, ரயிலுக்கு ஒன்று.

இதில் யோசிக்க வேண்டிய இடம் முதல் நாள் வரும் ஓஸ்டர்ஸ்கெல்டே தடுப்பணை. 1953 வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய டெல்டா அணைகளில் ஒன்று, 1986இல் திறந்தது, சுமார் 9 கி.மீ. நீளம். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. எதிர்க்காற்றில் மிதிக்கும் தேசியப் போட்டியையே 2013 முதல் இந்த அணைமேல்தான் வைக்கிறார்கள், அதுவும் கியர் இல்லாத வண்டியில், புயற்காற்று வருகிற நாளாகப் பார்த்து. அணை தெற்கு வடக்காகக் கிடப்பதால் உங்களுக்குக் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் வரும். பக்கக்காற்றில் கேரியர் பை படகுப் பாய் விரித்த மாதிரி வண்டியைத் தள்ளும். இருவரும் பக்கம் பக்கமாகப் போகாமல் இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். முன்னறிவிப்பு பியூஃபோர்ட் 7க்கு மேல் காட்டினால் அன்று கடக்கவே வேண்டாம். பொதுவாகக் காலையில் காற்று தணிந்திருக்கும், மதியத்துக்கு மேல் ஏறும். எட்டு மணிக்குள் கிளம்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நோர்ட்வைக்கிலிருந்து வடக்கே மணற்குன்றுப் பாதை கொஞ்சம் ஏறி இறங்கும், பயப்படும் அளவுக்கு இல்லை. துலிப் ஆசை இருந்தால் முன்கூட்டியே விட்டுவிடுங்கள், மே கடைசியில் வயல்களில் பூ இருக்காது.

எண்பலகை:

எண்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதன் பெயர் க்நோப்புன்ட், அதாவது முடிச்சு. 1995இல் பக்கத்து பெல்ஜியத்தின் லிம்பர்க்கில் ஒரு சுரங்கப் பொறியாளரின் யோசனையில் தொடங்கி, பிறகு நெதர்லாந்து முழுக்கப் பரவியது. பாதைகள் சந்திக்கும் இடத்துக்கெல்லாம் ஓர் எண். அந்தச் சந்திப்பில் வட்டார வரைபடப் பலகை நிற்கும், அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி காட்டும் சிறிய பச்சை வெள்ளைப் பலகைகள் வழிநெடுக வரும்.

முந்தின இரவு அன்றைய எண்களை வரிசையாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிவிடுங்கள், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பதினைந்து எண்தான் வரும். திட்டமிட ஃபீட்ஸ்க்நோப் என்ற ஆப் போதும்.

தப்பு நடப்பது இரண்டு விஷயத்தில். ஒன்று, எண்கள் 99க்குள் முடிந்துவிடுவதால் அதே எண் வேறு வட்டாரத்தில் மறுபடி வரும். 47 என்று மட்டும் தேடினால் ஆப் எங்கோ இருக்கிற 47ஐக் காட்டலாம், ஊர்ப் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, பலகை இல்லாத பிரிவில் நேராகப் போக வேண்டும் என்பதுதான் பொருள். ஆனால் செடி வளர்ந்து மறைத்த பலகையும் உண்டு. ஒரு கி.மீ.க்கு மேல் எதுவும் கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த பலகைக்கே திரும்புங்கள், குத்துமதிப்பாகக் குறுக்கே வெட்ட வேண்டாம். நடுவே ஒரு கால்வாய் குறுக்கிட்டால் பாலத்துக்கு மூன்று கி.மீ. சுற்ற வேண்டியிருக்கும்.

எண் பாதை அழகுக்காகச் சுற்றி வளைத்துப் போகும். மழையில் சீக்கிரம் ஊர் சேர வேண்டுமானால் வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்தைப் பின்பற்றுங்கள், அது நேர்வழி. பச்சை எழுத்து என்றால் இயற்கை வழி. பச்சை வழியில் பல இடங்களில் விளக்கு இருக்காது, இருட்டிய பிறகு வேண்டாம்.

செயின்கவர்:

வண்டி பத்தி நான் சொல்றேன் சார். ஹப் கியர் (பின்சக்கர நடுவுக்குள்ளயே இருக்கற கியர்) 7 அல்லது 8 இருக்கறதா, ரெண்டு கையிலயும் பிரேக் இருக்கறதா கேட்டு வாங்குங்க. மலிவான வாடகை வண்டில பெடலைப் பின்னாடி மிதிச்சாதான் பிரேக். பழக்கமில்லாதவங்க சிக்னல்ல நின்னு, கிளம்பறதுக்காகப் பெடலைப் பின்னால சுத்தி மேலே கொண்டுவரப் பார்ப்பாங்க, அது சுத்தாது. பின்னால நிக்கறவர் வந்து இடிக்கிறது அங்கதான். வண்டி 18, 20 கிலோ இருக்கும், ரயில்ல தூக்கி ஏத்தணும்ங்கறது ஞாபகத்துல இருக்கட்டும்.

பூட்டு ரெண்டு வேணும். பின்சக்கரத்துல இருக்கற வளையப் பூட்டு சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், வண்டியை அப்படியே தூக்கிட்டுப் போயிடலாம். தடிமனான சங்கிலியால ஃப்ரேமைக் கம்பியோட சேர்த்துக் கட்டுங்க. திருட்டுக் காப்பீடு எடுத்தா ஒப்பந்தத்துல சாவி பத்தின வரியைப் படிங்க. வண்டி போனா சாவியைக் காட்டணும்னு நிபந்தனை இருந்தா, பூட்டுலயே சாவியை விட்டுட்டு டீ குடிக்கப் போறவங்களுக்குப் பணம் வராது.

அப்புறம் பஞ்சர். இந்த மாதிரி வண்டில பின்சக்கரத்தைக் கழட்டவே வேணாம். கியர் கேபிள், செயின் கவர், பிரேக் கை, எல்லாத்தையும் பிரிச்சு மாட்ட முக்கால் மணி நேரம் ஆகும். சக்கரம் வண்டிலயே இருக்கட்டும், ட்யூபை மட்டும் வெளியே எடுத்து ஒட்டலாம்.

வண்டியைத் தலைகீழா நிறுத்துங்க. முதல்ல டயரை மெதுவாச் சுத்தி முள், கண்ணாடிச் சில்லு தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா அதுக்கு நேரா ரிம்ல பேனாவால ஒரு கோடு போடுங்க, ஓட்டை எங்கன்னு தேடற வேலை மிச்சம். செயின் இல்லாத இடது பக்கம் டயர் லீவர் ரெண்டைப் போட்டு ஒரு முழ நீளத்துக்கு டயரை வெளியே எடுத்து, அங்கே மட்டும் ட்யூபை உருவுங்க. காத்து அடிச்சு, கன்னத்துக்கிட்ட வச்சா ஓட்டை தெரிஞ்சுடும். உப்புத்தாளால தேய்ச்சு, சொல்யூஷனைப் பேட்சை விடக் கொஞ்சம் அகலமாத் தடவி அஞ்சு நிமிஷம் விடுங்க. தொட்டா விரல்ல ஒட்டாத பதத்துல பேட்ச் வைக்கணும். ஈரத்தோட வச்சா அரை மணி நேரத்துல காத்து இறங்கிடும், பாதிப் பேர் தப்பு பண்றது இதுலதான். மூடறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கத்தை விரலால தடவிப் பாருங்க. முள்ளு உள்ளேயே இருந்தா ஒட்டினதெல்லாம் வீண்.

வால்வு இன்னொரு வம்பு. அங்கத்து ஊர் வண்டிகள்ல நிறைய டன்லப் வால்வுதான். கார் வால்வுக்குன்னு மட்டும் இருக்கற பம்ப் தலை அதுக்குப் பிடிக்காது. வண்டி வாங்கறப்பவே கடையில கொடுக்கற பம்பை வச்சு ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. சுமையோட போறப்ப பின்டயர்ல காத்தழுத்தம் 4 பார் இருக்கணும். அதுக்குக் கீழே ஓட்டினாத் தொடை கடுக்கும், ரிம்ல அடிபட்டு ட்யூபும் ரெண்டு பல் பட்ட மாதிரி கிழியும்.

கேரியர்பை:

பின்சக்கரக் கவலை தீர்ந்தது, மிக்க நன்றி. திசையை மாற்றிவிட்டேன். ரயில் விதியும் சாலை விதியும் யாராவது சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறந்திருக்குமா?

மாலைப்படகு:

உள்நாட்டு ரயிலில் வண்டிக்கு முன்பதிவு தேவையில்லை. ஆனால் வாரநாட்களில் காலை 6.30 முதல் 9 வரையும், மாலை 4 முதல் 6.30 வரையும் ஏற்றக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் இந்தத் தடை இல்லை, உங்களுக்கு மே என்பதால் உண்டு. வ்லிசிங்கனுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். ஒன்பதரை, பத்துக்கு ஏறினால் மாலைத் தடைக்கு வெகு முன்பே இறங்கிவிடலாம். உங்கள் டிக்கெட்டுக்கு வங்கி அட்டையை வாசலில் தட்டினால் போதும். வண்டிக்கு அப்படி ஆகாது, இயந்திரத்திலோ ஆப்பிலோ தனி டிக்கெட் எடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு அபராதம் கட்டுபவர்கள் நிறைய. சைக்கிள் படம் ஒட்டிய கதவில் ஏறுங்கள், அங்கே இடம் சில வண்டிகளுக்குத்தான். நிறைந்திருந்தால் அடுத்த ரயில்தான்.

மே கடைசி என்றால் இன்னொன்றையும் பாருங்கள். இயேசு விண்ணேற்ற நாள், பெந்தகொஸ்தே திங்கள் இரண்டும் ஈஸ்டரைப் பொறுத்து மே மாதத்தில் விழலாம். விண்ணேற்றம் வியாழன் என்பதால் வெள்ளியையும் சேர்த்து நாலு நாள் விடுமுறை எடுத்து ஊரே கடற்கரைக்கு வந்துவிடும். உங்கள் தேதி அதில் மாட்டினால் ஸேலாந்து அறைகளை இப்போதே பிடியுங்கள். சைக்கிள்காரர்களுக்கு வீட்டில் அறை கொடுக்கும் வ்ரிண்டன் ஓப் டே ஃபீட்ஸ் என்ற அமைப்பில் உறுப்பினராகலாம், ஓட்டலை விட மலிவு. கண்ட இடத்தில் கூடாரம் போடச் சட்டம் அனுமதிக்காது.

ஞாயிறு: நகரங்களில் கவலையில்லை. ஸேலாந்தின் சில கிராமங்களில் சமயப் பற்று அதிகம், கடை அடைத்தே இருக்கும். சனி மாலையே ரொட்டி, பழம் வாங்கி வையுங்கள்.

சாலையில் தரையைப் பாருங்கள். வெள்ளை முக்கோணங்களின் கூர்முனை உங்களை நோக்கி இருந்தால் நீங்கள்தான் வழிவிட வேண்டும், அதைச் சுறாப்பல் என்பார்கள். எந்தக் குறியும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு முன்னுரிமை, அது சைக்கிளானாலும். கைபேசியைக் கையில் பிடித்து ஓட்டுவது 2019 ஜூலை முதல் குற்றம், ஹேண்டில்பாரில் மாட்டி வையுங்கள். பக்கம் பக்கமாக இருவர் ஓட்டலாம், ஆனால் பாதை நடுவே கார் நுழையாதிருக்க நட்ட கம்பங்கள் வரும். முன்னால் போகிறவர் கம்பத்தைப் பார்த்து விலகுவார், ஒட்டிப் பின்னால் வருகிறவர் நேராகப் போய் மோதுவார். முன்னால் போகிறவர் சத்தமாகச் சொல்லியே ஆக வேண்டும். த ஹேக்கில் டிராம் தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடங்கள், சாய்வாகப் போனால் டயர் பள்ளத்தில் இறங்கிவிடும். "ஃபீட்ஸர்ஸ் ஆஃப்ஸ்டப்பன்" என்ற பலகை கண்டால் இறங்கித் தள்ளுங்கள்.

கேரியர்பை:

கடைசியாக ஒன்று. அந்த வாரம் காற்று திசை மாறி அடித்தால்?

எதிர்க்காற்று:

நல்ல கேள்வி. வசந்தத்தில் வடகிழக்குக் காற்று பல நாள் தொடர்ந்து அடிப்பதும் உண்டு. அதனால் விடுமுறை வாரம் இல்லை என்றால், இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பாருங்கள். வண்டி எடுப்பதற்கு இரண்டு நாள் முன் ஐந்து நாள் காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். அம்புகள் எல்லாம் வடகிழக்கிலிருந்து வந்தால் உங்கள் பழைய திட்டமே சரி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து மிதித்துக் கிளம்புங்கள். ரயில் டிக்கெட்டை அன்றன்றுதானே எடுக்கப் போகிறீர்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை.