ஹிக்கரியா, ஓக்கா? அணில் வேட்டைக்கு எந்த மரத்தடி?

காட்டுவழி:
கிழக்கு அமெரிக்கக் காடுகள்ல சாம்பல் அணில் வேட்டை தொடங்குற வாரங்களுக்கு ஒரே மரம்தான்: ஹிக்கரி. அதிலும் ஷேக்பார்க்ங்கிற வகை. பட்டை நீள நீளச் சிம்பாக் கிளம்பி, நடுவுல ஒட்டிக்கிட்டு ரெண்டு முனையும் வெளியே வளைஞ்சு நிக்கும். இலைக்குப் பெரும்பாலும் 5 சிற்றிலை. காயோட மேல்தோல் நாலாப் பிளக்கும். ஆகஸ்ட் கடைசியிலேயே அணில் பச்சைக்காயைக் கொறிக்க வந்துடும். மரத்தைக் கண்டுபிடிச்சு 25 கெஜம் தள்ளி உட்காருங்க, போதும்.

கொட்டைக்கணக்கு:
போதாது. மரத்தின் பெயர் தெரிந்துவிட்டால் மேலே காய் இருக்கிறது என்று ஆகிவிடுமா? ஷேக்பார்க்கே நன்றாகக் காய்ப்பது 1 முதல் 3 ஆண்டுக்கு ஒரு முறைதான். காய்க்காத ஆண்டில் அதன் அடியில் உட்கார்ந்தால் கொசுக்கடிதான் மிச்சம். முதலில் பைனாகுலரில் உச்சிக்கிளை நுனிகளைப் பாருங்கள். பிறகு தரையைப் பாருங்கள். இன்று கொறித்த துணுக்கு ஈரமாக, வெளிர்பச்சையும் வெள்ளையுமாக இருக்கும். நாளாக நாளாகப் பழுப்பேறிக் கறுத்துவிடும். கறுத்த துணுக்கு மட்டும் கிடந்தால் அணில் வேறு மரத்துக்குப் போய்விட்டது என்று பொருள்.

கொறித்தது யார் என்பதையும் பாருங்கள். சாம்பல் அணில் கொட்டையின் மேலோட்டைத் துண்டுதுண்டாக உடைத்துப் போடும். முழுக்கொட்டையில் வழவழப்பான ஒரே வட்டத் துளை என்றால் அது பறக்கும் அணிலின் வேலை. சின்னஞ்சிறு துளை என்றால் உள்ளிருந்த வண்டுப்புழு வெளியேறிய வழி.

காட்டுவழி:
மரமே தெரியாதவன் துணுக்கை எங்கே போய்த் தேடுவான்? காடு முழுக்கக் குனிஞ்சுக்கிட்டே நடக்க முடியாது. அக்டோபர்ல மேட்டுமேல ஏறிப் பார்த்தா ஹிக்கரி பொன்மஞ்சளாத் தனிச்சுத் தெரியும். அப்பவே குறிச்சு வெச்சுக்கிட்டா அடுத்த வருஷத்துக்கு ஆச்சு. ஓக் எல்லாம் மான் வேட்டைக்காரங்க சமாச்சாரம்.

கொட்டைக்கணக்கு:
மஞ்சளை நம்பினால் ஆஷ் மரத்தையும் சேர்த்துக் குறித்துவிடுவீர்கள். அதுவும் கூட்டிலை (ஒரே காம்பில் பல சிற்றிலை), அதுவும் மஞ்சளாகும். ஆஷில் இலைகள் கிளையில் எதிரெதிரே இருக்கும், ஹிக்கரியில் மாறி மாறி. கந்தக மஞ்சள் மொட்டுள்ள ஹிக்கரியைக் கண்டால் அது பிட்டர்நட் என்ற வகை. கொட்டை கசப்பு. நல்ல ஹிக்கரி பக்கத்தில் இருந்தால் அணில் அதைக் கடைசிக்குத்தான் தள்ளும்.

ஓக்கை ஒதுக்குவதுதான் பெரிய தவறு. இலையின் மடல் உருண்டையாக இருந்தால் வெள்ளை ஓக். மடல் கூராக, நுனியில் முள்மயிர் நீட்டியிருந்தால் சிவப்பு ஓக். வெள்ளை ஓக் கொட்டை பூத்த ஆண்டிலேயே முற்றி, விழுந்த கொஞ்ச நாளில் முளைவிடும், துவர்ப்பும் குறைவு. அதனால் அணில் அதைப் பெரும்பாலும் அங்கேயே தின்றுவிடும். புதைத்தாலும் பலமுறை முளைக்கருவைக் கடித்தெடுத்துவிட்டுத்தான் புதைக்கும். சிவப்பு ஓக் கொட்டை வசந்தம் வரை முளைக்காது. அதுதான் குளிர்காலச் சேமிப்பு. ஜனவரியில் ஹிக்கரி அடியில் காத்திருப்பவர் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. ஏப்ரல், மே மாதத்தில் பூக்கும்போது பனி கருக்கினால் அந்த இலையுதிர்காலத்தில் வெள்ளை ஓக்கில் ஒன்றும் இருக்காது. சிவப்பு ஓக்குக்குக் காய் முற்ற இரண்டு பருவம் வேண்டும். எனவே முந்தைய ஆண்டுப் பிஞ்சு தப்பிவிடும், அடி அடுத்த ஆண்டில்தான் விழும்.

மரங்கொத்தி:
ரெண்டு பேரும் பீச் மரத்தை மறந்துட்டீங்க. யானைக்கால் மாதிரி வழவழன்னு சாம்பல் பட்டை, முள்ளுக்கூட்டுக்குள்ள முக்கோணக் கொட்டை. பீச்ல பொந்தும் அதிகம், அதனால தீனியும் வீடும் ஒரே இடம். கருப்பு வால்நட்டோ வேற மாதிரி: மேல்தோல் பிளக்காது, ஓடு இரும்பு. ஒரு கொட்டைக்கே அணில் நெடுநேரம் மல்லுக்கட்டும். காத்தில்லாத காலையில அந்தக் கரகரச் சத்தத்தை வெச்சே மரத்தைப் பிடிச்சிடலாம்.

காட்டுவழி:
சத்தம்னா ஹிக்கரிதான். துணுக்கு இலைமேல விழுறது தூறல் மாதிரி கேட்கும். ஆனா காத்தடிச்சா உங்க பைனாகுலர், என் காது ரெண்டும் வீண். கிளையாட்டத்துல ஒண்ணும் பிடிபடாது. அன்னைக்கு மரத்தோட பேர்தான் கைகொடுக்கும்.

கொட்டைக்கணக்கு:
அன்றைக்குத் தரையில் கிடக்கும் ஈரத் துணுக்கும் கைகொடுக்கும். காற்று அதை அழிப்பதில்லை.

மரங்கொத்தி:
எந்த மரமானாலும் சரி, சின்னத் தோட்டா போடுற .22 ரைபிள்னா அணிலுக்குப் பின்னால தடித்த அடிமரமோ பெருங்கிளையோ இருந்தாத்தான் சுடணும். வானத்தைப் பார்த்துச் சுட்ட தோட்டா ஒரு மைலுக்கு அப்பாலயும் போய் விழும். இலை அடர்ந்த செப்டம்பர்ல, உச்சிக்கிளையில இருக்கிற அணிலுக்கு 6ஆம் நம்பர் ரவை (பொடிக் குண்டுகள்) போட்ட ஷாட்கன்தான் சரி.