இலக்கிய வகுப்பில் நாமே படித்துக்கொள்வது உங்களுக்கு ஒத்துவந்ததா?

கேள்வி:
இந்தப் பருவத்தில் எங்களுக்குப் பாடம் நடத்துவதே இல்லை. சங்க காலக் காதல் பாடல் தொகுப்பான குறுந்தொகையில் பிடித்த பாடலை நாமே எடுத்து, கேள்வி எழுப்பி, வகுப்பில் பேச வேண்டும். பாடலைத் தேர்ந்தெடுக்கவே மண்டை காய்கிறது. உரையைத் திறந்தால் சொந்த யோசனை ஓடிவிடுகிறது. எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில் 1:
உரையை மூடி வையுங்கள். பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிதானே! யார், யாரிடம் பேசுகிறார் என்று மட்டும் ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன். அப்புறம்தான் கூற்றுக் குறிப்பை, அதாவது பாடல் யார் பேச்சு என்று சொல்லும் குறிப்பைப் பார்ப்பேன். தலைவி பேச்சு மாதிரி இருக்கும், பார்த்தால் தோழி கூற்று. ஏன் அப்படித் தோன்றியது? அதை வைத்தே ஒரு வகுப்பை ஓட்டலாம்.

பதில் 2:
சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் குழுவில் இரண்டு பேர் படித்தோம், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மதிப்பெண் மட்டும் எல்லாருக்கும் ஒன்று! ஆளாளுக்குத் தனிக் குறிப்பேடு, அதை ஆசிரியர் அவ்வப்போது புரட்டிப் பார்ப்பது, இரண்டும் இல்லாமல் இது வேலைக்கு ஆகாது.

கேள்வி கேட்டவர்:
பென்சில் வழி சரிப்படும் போலிருக்கிறது. 40ஆம் பாடலை ('யாயும் ஞாயும்') எல்லாரும் எடுப்பார்கள். நான் 3ஆம் பாடலுக்குப் போகிறேன். 4 அடிதான். தலைவனோடு கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரிது என்கிறாள் தலைவி. தோழிக்குச் சொல்கிறாளா, மறைந்து நிற்கும் அவன் காதில் விழட்டும் என்றா?