இங்கிலாந்தின் ஸ்கிப்டன் ஊர்ச் சந்தைக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

மழைக்குருவி:
போன வருடம் நடந்தது, இன்னும் மனதை அரிக்கிறது. சனிக்கிழமைச் சந்தை. கோட்டைப் பக்கம் ஒரு சீஸ் கடை. கடைக்கார அம்மா வென்ஸ்லிடேல் என்ற உள்ளூர் சீஸில் ஒரு துண்டு வெட்டி, ஃப்ரூட் கேக் மேல் வைத்து நீட்டினார். யார்க்‌ஷயரில் அப்படித்தான் சாப்பிடுவார்களாம். கேக்கோடு சீஸா என்று சிரித்துவிட்டேன், சத்தமாகவே. "பரவாயில்லை, லவ்" என்று கையை இழுத்துக்கொண்டு தானே வாயில் போட்டுக்கொண்டார். விரலில் ஒட்டிய துகளை ஏப்ரனில் துடைத்தார். அந்தத் துடைப்புதான் கண்ணிலேயே நிற்கிறது. அப்புறம் வீட்டில் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன், அருமை. யாரிடம் போய்ச் சொல்வது?

கோபுரம்79:
சீஸை விடுங்கள், என் மானம் போன கதையைக் கேளுங்கள். கோட்டை வாசல் உச்சியில் கல்லிலேயே எழுத்துகள், நடுவில் வானம் தெரியுமே, அதை 'டெசொர்மைஸ்' என்று படித்துவிட்டு, "மிஸ்டர் டெசொர்மைஸ் குடும்பம் இன்னும் இங்கேதான் இருக்கிறதா?" என்று டிக்கெட் கொடுத்த பெண்ணிடம் கேட்டேன். பின்னால் வரிசையில் பத்துப் பேர். அது 'இனிமேல்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லாம், கோட்டைக்குச் சொந்தக்காரர்களாக இருந்த கிளிஃபர்டு குடும்பத்தின் வாசகமாம். அந்தப் பெண் சிரிக்காமல் சொன்னதுதான் இன்னும் வலிக்கிறது. உள்முற்றத்தில் லேடி ஆன் கிளிஃபர்டு 1659-இல் நட்ட யூ மரத்தடியில் நின்று முகம் ஆறிய பிறகே வெளியே வந்தேன். சந்தை நன்றாகத்தான் இருந்தது. 1204-இல் ஜான் மன்னர் சாசனம் கொடுத்தது, 800 வருடமாக அப்படியே நடக்கிறது.

தெற்குவாசி:
'அப்படியே' எல்லாம் இல்லை, கோபுரம். ஊர்ப் பெயருக்கே ஆட்டூர் என்றுதான் அர்த்தம். ஒரு காலத்தில் சந்தை நடக்கும் அந்த ஹை ஸ்ட்ரீட்டிலேயே ஆடுமாடு விற்றார்கள், இன்று அதெல்லாம் ஏல மண்டிக்குப் போய்விட்டது. நான் பார்த்தது சாக்ஸும் செல்போன் உறையும். அதுவும் இரண்டாம் தடவை. முதலில் செவ்வாய்க்கிழமை போய்த் தொலைத்தேன், கடை போடும் கல் பாவிய ஓரம் முழுக்கக் கார்கள். என் கதை அவ்வளவுதான்.

போகிறவர்கள் திங்கள், புதன், வெள்ளி, சனி பார்த்துப் போங்கள். லீட்ஸிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். குதிகால் செருப்பு வேண்டாம். குடையும் வேண்டாம், காற்று திருப்பிவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும். சந்தை முடிந்ததும் கோட்டைக்குப் பின்னால் போகும் குட்டிக் கால்வாய் ஓரமாக நடங்கள், சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போக வெட்டியது. அது சேரும் பெரிய கால்வாயில் 1773-லேயே பிங்லி ஊர் வரை படகு ஓடியது. காலையிலேயே போங்கள், மத்தியானத்துக்கு மேல் கடையை மூட்டை கட்டிவிடுவார்கள்.

மழைக்குருவி:
வழி யாரும் கேட்கவில்லையே ஐயா. அந்த அம்மா இன்னும் கடை போடுகிறாரா? பச்சைக் கோடு போட்ட ஏப்ரன்.

தெற்குவாசி:
நான் பார்த்த சீஸ் கடையில் ஒரு பையன்தான் நின்றான். கேக் இருந்ததா என்று கவனிக்கவில்லை. ரயில் என்றால் ரிட்டர்ன் டிக்கெட்டாக எடுங்கள்.