கீல் வைத்த காலர் பட்டன்: தலை மடங்கி நிற்காமல் நிமிர்ந்துவிடுகிறது, சரிசெய்ய முடியுமா?

கேட்டவர்: கருப்பு அங்கி, மதுரை

வணக்கம். மதுரையில் வக்கீலாக இருக்கிறேன். என் சீனியர் தொழிலை விட்டு ஒதுங்கியபோது, அவருடைய அப்பா போட்டுக்கொண்டிருந்த காலர் பட்டன் ஒன்றையும், அதே பெட்டியில் இருந்த ஒரு ஜோடி கஃப் பட்டனையும் எனக்குக் கொடுத்தார். கஃப் பட்டன்கள் நன்றாக இருக்கின்றன. காலர் பட்டனில்தான் பிரச்சினை.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இது சட்டையில் தைக்கிற பட்டன் இல்லை. கழற்றி மாட்டுகிற விறைப்பான காலரைச் சட்டையின் கழுத்துப்பட்டையோடு சேர்த்துப் பிடிக்கிற தனி உருப்படி. அடியில் வட்டத் தட்டு, அதன்மேல் ஒரு தண்டு, தண்டின் நுனியில் கீல், கீலில் நீளமான சின்னத் தலை. தலையை நிமிர்த்தினால் தண்டோடு நேராக நிற்கும். காஜாவுக்குள் விட்டபிறகு மடக்கினால் குறுக்கே படுத்துக் காலரைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது அது பிடிப்பதில்லை. வழக்குக் கட்டைப் பிரிக்கக் கொஞ்சம் குனிந்தால்கூடத் தலை தானாக நிமிர்ந்துவிடுகிறது. காலரின் ஒரு முனை கழன்று, பேண்டு (வக்கீல்கள் கழுத்தில் கட்டுகிற வெள்ளைப் பட்டை) கோணிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கோலத்தில் வாதம் செய்ய முடியவில்லை.

அடித்தட்டின் மேல் வெள்ளையாக ஏதோ பதித்திருக்கிறார்கள். ஓரத்தில் 'ரோல்டு கோல்டு', 'பேட்டன்ட்' என்று பொடி எழுத்து. ஒரு நகைக்கடையில் காட்டினேன். கீல் ஆணியை நசுக்கி இறுக்கலாம், இல்லாவிட்டால் தலையைக் குறுக்கே வைத்துப் பொடி வைத்து ஊதிவிடலாம், அதாவது பற்றவைத்துவிடலாம் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை, திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிடி ஏன் போனது? மறுபடியும் தினமும் போடுகிற நிலைக்குக் கொண்டுவர முடியுமா?

கீழ்க்கோர்ட், திருநெல்வேலி

எதற்கு சார் இவ்வளவு சிரமம்? வெல்க்ரோ வைத்த பேண்டு கோர்ட் வாசலிலேயே கிடைக்கிறது. நான் அதைத்தான் போடுகிறேன்.

கருப்பு அங்கி

கிடைக்கிறது சார், என்னிடமும் இருக்கிறது. ஆனால் பார் கவுன்சில் விதியில் வெள்ளைக் காலர் விறைப்பாகவும் இருக்கலாம், மென்மையாகவும் இருக்கலாம் என்றுதானே இருக்கிறது? சீனியர் கடைசிவரைக்கும் கஞ்சி போட்ட காலர்தான் போட்டார். இந்தப் பட்டனைப் பெட்டியில் பூட்டி வைக்க எனக்கு விருப்பமில்லை. போட்டுக்கொள்ளத்தான் ஆசை.

பட்டறை, கும்பகோணம்

தம்பி, கொடுக்காமல் திரும்பி வந்தீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள்.

கீலில் இருக்கிற ஆணி தலையைப் பிடிப்பதில்லை. அது வெறும் அச்சு. பிடிப்பது உள்ளே இருக்கிற வில். பேனாக்கத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி திறந்தால் அலகு முரண்டு பிடிக்கும், முக்கால் வந்ததும் 'டக்' என்று தானாகப் போய் நிற்கும். இங்கேயும் அதே வேலைதான். தலையின் அடிப்பகுதி, ஆணிக்குக் கீழே, உருண்டையாக இருக்காது. சதுரம் மாதிரி பட்டை தீட்டியிருப்பார்கள். மெல்லிய வில்தகடு ஒன்று அந்தப் பட்டையில் அழுந்தி நிற்கும். தலையைத் திருப்பும்போது சதுரத்தின் மூலை வில்லைத் தள்ளும். மூலை தாண்டியதும் வில் அடுத்த பட்டையில் வந்து உட்காரும். அதனால்தான் நேராக ஒரு நிலை, குறுக்கே ஒரு நிலை, நடுவில் எங்கேயும் நிற்காது. வில் சில பேட்டன்டுகளில் தண்டுக்குள் இருக்கும், சிலவற்றில் தலைக்குள்ளேயே இருக்கும்.

வில் போனபிறகு ஆணியை நசுக்கினால், இரண்டு பக்கக் காதும், அதாவது ஆணியைத் தாங்குகிற தகடுகளும், தலையை இடுக்கிப் பிடிக்கும். கொஞ்ச நாள் நிற்கும். அப்புறம் காது தேய்ந்து பழையபடி ஆடும், அல்லது விரிசல் விடும். ரோல்டு கோல்டு என்றால் மேலே தங்கத் தகடு, உள்ளே பெரும்பாலும் பித்தளை. அந்தக் காதில் விரிசல் விட்டால் ஒட்டவைப்பது பெரிய பாடு. வில்லே இல்லாமல், காதின் இறுக்கத்தில் மட்டும் நிற்கிற மாதிரிகளும் உண்டு. அவற்றுக்கு மட்டும் லேசாக நெருக்குவது சரியான வைத்தியம்.

உங்களுடையது எது என்று பார்க்க மூன்று சோதனை செய்யுங்கள். தலையை மெதுவாகத் திருப்புங்கள், எங்கேயாவது 'டக்' கேட்கிறதா? பக்கவாட்டில் ஆட்டுங்கள், தளர்ந்து ஆடுகிறதா? பூதக்கண்ணாடி வைத்து, டார்ச் அடித்து, கீல் இடுக்குக்குள் பாருங்கள், மெல்லிய தகடு தெரிகிறதா? ஆடாமல், டக் மட்டும் இல்லாமல் இருந்தால் வில் போயிருக்கிறது. டக் கேட்டும் நிற்கவில்லை என்றால் சதுரத்தின் மூலை மழுங்கியிருக்கிறது. பக்கவாட்டில் ஆடினால் ஆணியோ ஆணித்துளையோ தேய்ந்திருக்கிறது.

உரைகல்லில் மட்டும் தேய்த்துப் பார்க்க விடாதீர்கள். மேலே இருக்கிற தங்கம் அதிலேயே போய்விடும்.

கருப்பு அங்கி

ஐயா, மிக்க நன்றி. டக் சத்தம் இல்லை. பக்கவாட்டில் ஆட்டமும் இல்லை. இடுக்கில் ஊசியால் லேசாகக் கிளறினேன். வெள்ளையாகக் கட்டிதட்டிய ஏதோ ஒன்றும், அதோடு செம்பழுப்புத் தூளும் வந்தன.

பட்டறை, கும்பகோணம்

வெள்ளை, கஞ்சி. செம்பழுப்பு, துரு. கதை முழுவதும் வந்துவிட்டது தம்பி. உங்கள் வில் எஃகு. கஞ்சி உள்ளே போய், கழுத்து வியர்வையோடு சேர்ந்து, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. எஃகு அரித்துப் போயிற்று. பித்தளைக்கும் தங்கத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. சதுரம் மழுங்காமல் இருந்தால் புது வில் வைத்தால் போதும்.

பழம்பொருள், லண்டன்

இந்த வகைப் பட்டன்கள் இங்கே பழம்பொருள் சந்தைகளில் நிறைய வரும். இங்கிலாந்து பாரிஸ்டர்கள் இன்னும் விங் காலர் போடுவதால் புதுப் பட்டன்களும் விற்பனையில் இருக்கின்றன. ஆனால் புதியவற்றில் பெரும்பாலானவை கீல் இல்லாதவை.

கீல் எதற்கு என்றால், கழுத்தின் முன்பக்கத்துப் பட்டன் நான்கு மடிப்பைத் தாண்ட வேண்டும். சட்டைக் கழுத்துப்பட்டையின் இரண்டு முனை, அதற்கு மேல் காலரின் இரண்டு முனை. காலர் கஞ்சியில் அட்டையாக நிற்கும். அதில் உருண்டைத் தலையைத் திணித்தால் காஜா கிழியும், இல்லை விரல் நகம் போகும். தலை நேராக நின்றால் தண்டின் பருமனில் சுலபமாக நுழைந்துவிடும். பின்கழுத்தில் மடிப்பு குறைவு, அதனால் அங்கே குட்டையான சாதாரணப் பட்டனே போதும்.

இதற்கு நேர் எதிராக யோசித்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் நெவார்க் நகரத்து ஜார்ஜ் கிரமென்ட்ஸ், 1884இல் ஒரே தகட்டிலிருந்து தலை, தண்டு, அடித்தட்டு மூன்றையும் இணைப்பே இல்லாமல் இழுத்து எடுக்கும் காலர் பட்டனுக்கு பேட்டன்ட் வாங்கினார். அதற்கு முன் தனித்தனியாகச் செய்து பற்றவைப்பார்கள். பற்றவைத்த சூட்டில் உலோகம் மென்மையாகிவிடும், இணைப்பில் உடையும். போட்டி நிறுவனம் ஒன்று அதைப் போலவே செய்தது. இதில் புதுமை இல்லை என்று கீழ்க்கோர்ட் வழக்கைத் தள்ளியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893இல் அதை மாற்றி பேட்டன்ட் செல்லும் என்றது. வழக்கின் பெயர் 'கிரமென்ட்ஸ் எதிர் காட்டில் (Cottle) நிறுவனம்', தீர்ப்புத் தொகுப்பில் 148 யு.எஸ். 556. வக்கீல் சார் அவசியம் படிக்க வேண்டும். ஒரு காலர் பட்டனை வைத்துக்கொண்டு, எது கண்டுபிடிப்பு, எது வெறும் கைத்திறன் என்று அவ்வளவு அக்கறையாக வாதித்திருக்கிறார்கள். அதோடு, உங்கள் பட்டனில் பொடி வைத்து ஊதக் கூடாது என்பதற்கும் அதே காரணம்தான். சூடு பட்டால் வில் வில்லாக இருக்காது.

ஒரு அவசர விஷயம். அடித்தட்டில் இருக்கும் வெள்ளை எது என்று பார்த்தீர்களா? கழுத்துத் தோலில் பித்தளைப் பச்சை படியாமல் இருக்க அங்கே முத்துச்சிப்பியோ எலும்போ செல்லுலாய்டோ பதிப்பார்கள். முத்துச்சிப்பி என்றால் தொட்டால் சில்லென்று இருக்கும், சாய்த்துப் பார்த்தால் நிறம் ஓடும். செல்லுலாய்டு எடை குறைவு, சில்லென்று இருக்காது. துணியால் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள்.

கருப்பு அங்கி

தேய்த்தேன். கற்பூர வாசனை.

பழம்பொருள், லண்டன்

அப்படியானால் செல்லுலாய்டேதான். நைட்ரேட் ஏற்றிய செல்லுலோஸில் கற்பூரம் கலந்து செய்த பொருள் அது. தீப்பொறி பட்டால் பிடித்து எரியும். அந்தக் காலத்தில் முழுக் காலரே இதில் வந்தது, ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுநாள் போட்டுக்கொள்வார்கள். தயவுசெய்து ஊதுகுழல் பக்கமே இதைக் கொண்டுபோகாதீர்கள். சூடான ஊசி வைத்துப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னாலும் விடாதீர்கள்.

பட்டறை, கும்பகோணம்

ஐயோ, சரியான நேரத்தில் சொன்னீர்கள் சார். தம்பி, நெருப்பு இல்லாத வேலையாகவே முடிப்போம். அது முடிகிற வேலைதான்.

மணிப்பொறி, கோவை

கடிகாரம் பழுது பார்க்கிறேன். இது எங்கள் தொழிலுக்கு ரொம்பப் பக்கம், அதனால் வழி சொல்கிறேன்.

முதலில் கஞ்சியைக் கரையுங்கள். வெள்ளைப் பகுதி ஒட்டுப் பசையில் நிற்கலாம். அதனால் முழுசாகத் தண்ணீரில் போடாதீர்கள். பட்டனைத் தலைகீழாகப் பிடித்து, கீல் பகுதி மட்டும் மூழ்குகிற மாதிரி வெதுவெதுப்பான நீரில், ஒரு சொட்டு சோப்பு விட்டு வையுங்கள். மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, உடனே நன்றாகக் காயவையுங்கள்.

அடுத்து ஆணியைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ராவி மெருகேற்றியிருப்பதால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கீலில் ஒரு பொட்டு மெல்லிய எண்ணெய் வைத்துத் தலையை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மேலே துடைத்துவிட்டு மறுபடி ஆட்டினால் ஆணியைச் சுற்றி எண்ணெய் கசிந்து முடி போல ஒரு வளையம் தெரியும். அதுதான் இடம். ஆணி ஒரு பக்கம் சிறுத்திருந்தால், சிறுத்த பக்கத்திலிருந்துதான் தட்டி எடுக்க வேண்டும்.

வில்லுக்குப் புதிதாக எங்கும் தேட வேண்டாம். பெண்கள் கைக்கடிகாரத்தின் பழைய மெயின் ஸ்பிரிங் ஒன்று போதும். அகலம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். வெள்ளையாக இருக்கும் கலப்பு உலோக ஸ்பிரிங்காகக் கேளுங்கள். நீல எஃகு வேண்டாம், அது மறுபடியும் துருப்பிடிக்கும். பழைய துண்டு கிடைத்தால் அதன் நீளத்துக்கு வெட்டி, ஓரத்தை எண்ணெய்க்கல்லில் மழுக்கி, லேசாக வளைத்து உட்காரவைக்க வேண்டும். வளைவு அதிகமானால் தலை திரும்பவே திரும்பாது. குறைந்தால் டக் வராது. ஒன்றுக்கு இரண்டாகத் துண்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பட்டறை, கும்பகோணம்

கோவை சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பழைய ஆணி வெளியே எடுக்கும்போது பெரும்பாலும் வீணாகும். புது ஆணிக்கு எஃகு ஊசியை வெட்டிப் போடுவார்கள், வேண்டாம். ஜெர்மன் சில்வர் கம்பியை அளவுக்கு இழுத்துப் போடச் சொல்லுங்கள். ஆணியின் முனையைத் தட்டி அகட்டுவதற்கு முன், தலைக்கும் காதுக்கும் நடுவே எண்ணெய் தடவிய மெல்லிய காகிதத்துண்டு வைக்க வேண்டும். தட்டி முடித்ததும் காகிதத்தைக் கிழித்து எடுத்தால், அந்தக் கனத்துக்கு இடைவெளி கிடைக்கும். காகிதம் வைக்காமல் தட்டினால் கீல் இறுகிப்போகும். அப்புறம் எவ்வளவு நல்ல வில் வைத்தாலும் பயன் இல்லை. முனையை அரத்தால் ராவும்போது காதில் படாமல் பார்க்க வேண்டும்.

கருப்பு அங்கி

வேலை முடிந்தது! டவுன் ஹால் ரோடு பக்கம் பழைய கடிகாரக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். இந்த இழையை போனில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். எண்ணெய் வளையத்தை அவரே எனக்குக் காட்டினார். ஆணியை எடுத்ததும் தண்டுக்குள்ளிருந்து பழைய வில் இரண்டு துண்டாக வந்தது. கறுத்து, ஓரம் கடித்தெடுத்த மாதிரி இருந்தது. சதுரத்தின் மூலைகள் கூர்மையாக இருக்கின்றன. முதலில் வைத்த வில் வளைவு அதிகம், தலை திரும்பவில்லை. எடுத்துக் கொஞ்சம் தளர்த்தி வைத்தார். காகிதத்தை மறக்கவில்லை.

இப்போது டக் என்று உட்காருகிறது. கஞ்சி போட்ட காலரோடு நாள் முழுக்கக் கோர்ட்டில் இருந்தேன், குனிந்தேன், கட்டைத் தூக்கினேன், பேண்டு அசையவில்லை. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. மங்கலாக இருக்கிறது, மெருகு போடலாமா? கஃப் பட்டன்களுக்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

பட்டறை, கும்பகோணம்

மெருகு வேண்டாம் தம்பி. மெருகுச் சக்கரம் எடுப்பதெல்லாம் தங்கம்தான், உங்களிடம் இருப்பது மேல் தகடு மட்டும். மென்மையான பருத்தித் துணியால் துடைத்தால் போதும். சட்டையைச் சலவைக்குப் போடும்முன் பட்டனைக் கழற்றிவிடுங்கள்.

மணிப்பொறி, கோவை

கஃப் பட்டனில் டக் சத்தம் நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவரை அதைப் பிரிக்கவே வேண்டாம். கீலில் கடிகார எண்ணெய் ஊசிமுனை அளவு வைத்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்து அழுக்கைப் பிடிக்கும். போடும்போது தலை காஜாவின் நீளத்தோடு ஒட்டிப் படுக்காமல், குறுக்கே படுக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒட்டிப் படுத்தால், வில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கை இழுபடும்போது நழுவி வந்துவிடும்.