அலெக்ஸா கையொப்பச் சோதனை சில நேரம் மட்டும் தோற்கிறது, ஏன்?

கேள்வி:
அமேசானின் லாம்டா கிளவுட் சேவை இல்லாமல் என் சொந்த சர்வரில் அலெக்ஸா ஸ்கில் (அலெக்ஸா குரல் உதவியாளருக்கான செயலி) ஒன்றை ஓட்டுகிறேன், நோட் ஜேஎஸ்ஸும் எக்ஸ்பிரஸும்தான். ரெடிமேட் லைப்ரரி எதுவும் போடாமல், கோரிக்கை அமேசானிடமிருந்துதான் வந்ததா என்று அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும் கோடை நானே எழுதினேன். ஹெடரில் வரும் யூஆர்எல்லிலிருந்து சான்றிதழை இறக்கி, அதிலிருந்து பொதுச் சாவியை எடுத்து, சிக்னேச்சர்-256 ஹெடரை பேஸ்64-லிருந்து பிரித்து, பாடியை (கோரிக்கையின் உள்ளடக்கத்தை) ஜேசான் ஸ்ட்ரிங்கிஃபையால் மறுபடி சரமாக்கி வெரிஃபை செய்கிறேன். பெரும்பாலான கோரிக்கைகள் பாஸ் ஆகின்றன, திடீரென்று ஒன்று மட்டும் தோற்று 400 என்ற பிழைக் குறியீடு போகிறது. அதே கேள்வியை வேறு கருவியில் கேட்டால் சரியாக வருகிறது. இரண்டு நாளாக மண்டை காய்கிறது. சான்றிதழில் சிக்கலா, ஹெடரிலா?

பதில் 1:
இரண்டிலும் இல்லை, ஸ்ட்ரிங்கிஃபையில்தான். கையொப்பம் போட்டது நெட்வொர்க்கில் வந்த பைட்டுகளின் மேல். நீங்கள் சோதிப்பது, எக்ஸ்பிரஸ் அதைப் பிரித்துப் போட்ட பிறகு நீங்கள் திரும்பக் கோர்த்த இன்னொரு சரத்தை. பல நேரம் இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிடும், அதனால்தான் பாஸ் ஆகிறது. ஒரு எழுத்து மாறினாலும் ஹேஷ் (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற மதிப்பு) மொத்தமாக மாறிவிடும். பைத்தானில் இதே தப்பைச் செய்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும், ஏனென்றால் அதன் ஜேசான் டம்ப்ஸ் காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால் இடைவெளி விடும். எக்ஸ்பிரஸ் ஜேசான் மிடில்வேரில் வெரிஃபை என்று ஒரு ஆப்ஷன் உண்டு, பாடியைப் பிரிப்பதற்கு முன் அசல் பஃபரை (வந்த பைட்டுகளை) அது கையில் கொடுக்கும், அதை அப்படியே ரெக்வெஸ்டில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். தோற்ற ஒன்றின் கன்டென்ட்-லெங்த்தையும் உங்கள் சரத்தின் பைட் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் எனக்கு வேறு பயம். அந்த யூஆர்எல்லைச் சோதிக்கிறீர்களா? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே. அந்த யூஆர்எல் கோரிக்கையிலேயே வருகிறது, கோரிக்கையை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். நான் ஒரு சாவியை உருவாக்கி, என் சான்றிதழை எங்கேயோ வைத்து, என் சாவியால் கையொப்பமிட்டு அனுப்பினால் உங்கள் கோடு மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும், கணக்கு சரியாகத்தானே இருக்கிறது! எச்டிடிபிஎஸ் ஆக இருக்க வேண்டும், ஹோஸ்ட் எஸ்3 டாட் அமேசான்ஏடபிள்யூஎஸ் டாட் காம், போர்ட் கொடுத்திருந்தால் 443, பாதை /எக்கோ.ஏபிஐ/ என்று தொடங்க வேண்டும். பாதையை முதலில் நார்மலைஸ் செய்துவிட்டு (.. போன்றவற்றைத் தீர்த்து நேராக்கிவிட்டு) பாருங்கள். இல்லையென்றால் /எக்கோ.ஏபிஐ/../என்பக்கெட்/ என்று எழுதி உள்ளே வந்துவிடலாம், அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3-யில் பக்கெட் (சேமிப்பு இடம்) யாரும் திறக்கலாமே. அப்புறம் சான்றிதழின் காலாவதித் தேதி, மாற்றுப் பெயர்களில் எக்கோ-ஏபிஐ டாட் அமேசான் டாட் காம் இருக்கிறதா, சான்றிதழ்ச் சங்கிலி நம்பகமான ரூட் சான்றிதழ் வரை போகிறதா என்பதெல்லாம். சான்றிதழை கேஷ் செய்தாலும் தேதியை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

கேட்டவர்:
ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக 2 பைட் குறைவு! வந்ததில் ஓர் இடத்தில் 120.0 என்று இருந்தது, என் சரத்தில் வெறும் 120. அசல் பஃபருக்கு மாற்றியதிலிருந்து ஒன்றுகூடத் தோற்கவில்லை. இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. யூஆர்எல் சோதனை என்னிடம் சுத்தமாக இல்லை, அதைப் படித்ததும் பகீரென்றது, இன்று ராத்திரியே எழுதிவிடுகிறேன். பழைய கோரிக்கையை யாராவது பிடித்து வைத்து மறுபடி அனுப்பினால்?

பதில் 2:
கையொப்பம் செல்லும்தான், அதனால் அது தடுக்காது. பாடிக்குள் டைம்ஸ்டாம்ப் (அனுப்பிய நேரம்) இருக்கிறது, 150 விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் 400 கொடுத்துவிடுங்கள். கையொப்பத்துக்குள் அடங்கியது என்பதால் அதை மட்டும் மாற்றி அனுப்ப முடியாது. சர்வர் கடிகாரம் என்டிபியோடு (இணையம் வழி நேரத்தைச் சரிசெய்யும் முறை) ஒத்து ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது பின்தங்கினால் நல்ல கோரிக்கைகளும் வெளியே போய்விடும்.