மந்தைக்குப் பக்கத்திலேயே கடற்கழுகுக் கூடு, என்ன செய்வது?

மலைச்சரிவு:
ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் செம்மறி வளர்க்கும் ஒரு குடும்பத்தோடு தங்கி வேலை செய்கிறேன். ஆடுகள் குட்டி போடும் பருவம். குன்றுக்குப் பின்னால் வெண்வால் கடற்கழுகு ஜோடி ஒன்று கூடு கட்டியிருக்கிறது. இறக்கையை விரித்தால் 2.4 மீட்டர் வரை வரும் பறவை, தாழப் பறந்தால் புல்மேல் நிழல் ஓடுகிறது, தாய் ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குகின்றன. எனக்குப் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. ஆனால் காலையில் எண்ணினால் குட்டி குறைகிறது, வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூட்டைக் கலைத்தால் சட்டப்படி குற்றம். வேறு என்னதான் வழி?

பாறைமுனை:
முதலில் கழுகுதான் கொன்றதா என்று பாருங்கள். செத்த குட்டியின் தோலை உரித்தால் தெரிந்துவிடும். உயிரோடு இருக்கும்போது நகம் இறங்கியிருந்தால் துளையைச் சுற்றித் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கும், செத்த பிறகு கொத்தியிருந்தால் அது இருக்காது. குளிரிலும் மழையிலும் செத்த குட்டிகளை இந்தக் கழுகு நிறையத் தின்னும். அதற்காக உயிருள்ள குட்டியை அது தொடவே தொடாது என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன், தூக்கத்தான் செய்கிறது.

உப்புக்காற்று:
பிரிட்டனில் கடைசிக் கடற்கழுகை 1918ல் ஷெட்லாந்தில் சுட்டார்கள். அப்புறம் 1975 முதல் 1985 வரை நார்வேயிலிருந்து 82 இளம் பறவைகளைக் கொண்டுவந்து ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் உள்ள ரம் தீவுக் காப்பிடத்தில் விட்டார்கள், 1985ல் அதே கரையோரத்து மல் தீவில் முதல் குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது. கழுகுக்குக் காப்பிட எல்லை தெரியாது. விட்டது காப்பிடத்தில், அது இரை தேடுவது யாரோ ஒருவருடைய மேய்ச்சல் நிலத்தில். மல் தீவுக்குக் கழுகு பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள், அந்தக் காசு படகுக்கும் விடுதிக்கும் போகிறது, குட்டியை இழந்தவர் கைக்கு நேராக வருவதில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, கழுகை நேசிக்கிற நாம்தான் அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கிடைக்காரன்:
ஸ்காட்லாந்து அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர்ஸ்காட் நடத்தும் கடற்கழுகு மேலாண்மைத் திட்டத்தில் சேரச் சொல்லுங்கள். கூடுதல் காவலுக்கு ஆள் போடுவது, மந்தையிலிருந்து கழுகை விரட்டுவது, வேறிடத்தில் மாற்று இரை வைப்பது என்று பல வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே வழி சரிப்படாது. இரட்டைக் குட்டி போட்ட ஆடுகளையும் நோஞ்சான் குட்டிகளையும் முதல் சில வாரம் வீட்டுப் பக்கத்துப் பட்டியில் வைத்திருங்கள். மாற்று இரையாக மான் கறி வைத்தால் ஈயக் குண்டில் சுட்டதாக இருக்கவே கூடாது, ஜெர்மனியில் அப்படிப்பட்ட மிச்சங்களைத் தின்று ஈய நஞ்சேறிச் செத்த கடற்கழுகுகள் ஏராளம்.

மலைச்சரிவு:
நன்றி. இன்று இரண்டு குட்டிகளை உரித்துப் பார்த்தோம். ஒன்றில் முதுகின் இரு பக்கமும் கறுப்பாக ரத்தக்கட்டு, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. இரண்டையும் படம் எடுத்து வைத்திருக்கிறோம், திட்டத்துக்கு நாளைக்கே எழுதுவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.