குறிப்பயிற்சிக்கும் துப்புரவுக்கும் ஏற்ற துப்பாக்கித் தாங்கி: யாழ்ப்பாணத்தவரின் அனுபவப் பகிர்வு

கோப்பாயிலிருந்து, ஓய்வுபெற்ற தொழில்நுட்ப ஆசிரியர்:

கொழும்பில் படிப்பித்த காலத்தில் எயார் றைபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) பழகிய மாணவர்களுக்குத் துணையாக நின்றவன் என்பதால், தாங்கி வாங்க விரும்புவோர் சிலர் இன்றும் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய தாங்கியின் திருகாணிகளை எவ்வளவு இறுக்கினாலும் குறி ஆடிக்கொண்டே இருக்கிறது என்று குறைப்பட்டார். தாங்கியைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அதை எந்த மேசையில் வைத்தீர் என்றுதான் கேட்டேன். மடித்து வைக்கும் நாற்கால் மேசை என்றார். எங்கள் வீட்டு முற்றங்களிலும் கொட்டில்களிலும் சீமெந்துத் தரை எங்கும் ஒரே மட்டமாக இருப்பதில்லை. ஆகவே நான்கு கால்களில் ஏதேனும் ஒன்று சரியாக ஊன்றாமல் நிற்கும், மூன்று கால்களோ எந்தத் தரையிலும் ஒருசேர ஊன்றிக்கொள்ளும். வைரம் பாய்ந்த பனையில் மூன்று கால்களும், மேலே தடித்த வேப்பம் பலகையும் கொண்ட மேசையொன்றை ஊர்த் தச்சரிடம் செய்வித்த பின்னர், அதே தாங்கி அதே திருகாணிகளுடன் அசையாமல் நின்றது.

பத்து மீற்றர் எயார் றைபிள் போட்டியில் நின்றுகொண்டு, தாங்கியில்லாமல் சுட வேண்டியிருக்க, பயிற்சிக்கு மட்டும் தாங்கி எதற்கு என்ற கேள்வியும் வருவதுண்டு. அந்தப் போட்டி இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய இடம் 0.5 மில்லிமீற்றர் அகலமே உடையது. சன்னத்தின் விட்டமோ 4.5 மில்லிமீற்றர். குறி தவறும்போது அது கையின் நடுக்கமா, துப்பாக்கிக்குப் பொருந்தாத சன்னமா, குறிபார்க்கும் கருவியின் பிசகா என்பதை, கையின் பங்கை விலக்கிவிட்டுப் பார்த்தால்தான் அறிய முடியும்.

ஆனால் உறுதியான தாங்கியே எல்லாத் துப்பாக்கிக்கும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. சுருள்வில்லால் இயங்கும் எயார் றைபிளில், உள்ளிருக்கும் உந்துதண்டு முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளப்படுகிறது. தண்டு முட்டி நிற்கும்போது மறுபடி முன்னோக்கி உதறுகிறது. சன்னம் குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்னரே இவ்விரண்டும் நிகழ்ந்துவிடுகின்றன. அதை இறுக்கிப் பிடிக்கும் தாங்கியிலோ கடினமான பலகையிலோ வைத்தால் சன்னங்கள் சிதறி விழும். மணற்பையின் மேல் உள்ளங்கையை விரித்து, அதன் மேல் முன்கட்டையை (குழலுக்குக் கீழே உள்ள மரப்பகுதியை) தளர்வாக வைத்து, ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை ஒரே விதமாக உதற விடுவதே அதற்குரிய முறை. காற்றை முன்னரே அடைத்து வைத்திருக்கும் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

மணற்பை என்றதும் எங்கள் தலைமுறைக்கு வேறு நினைவுகள் வரும்; அதை விட்டுவிடுவோம். உரப்பை வழுக்கும். பழைய டெனிம் காற்சட்டையின் கால் பகுதியை வெட்டி இரட்டைத் தையல் போட்டால் நல்ல பை கிடைக்கும். மணற்காட்டுப் பக்கத்து மணல் நேர்த்தியானதுதான், ஆயினும் கடலோர மணலின் உப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவேற்றும் என்பதால், நல்ல தண்ணீரில் பலமுறை அலசி வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்னரே நிரப்ப வேண்டும். அரிசியோ தவிடோ நிரப்பினால் வண்டு வரும்.

வட்டுக்கோட்டையைச் சேர்ந்தவர், தற்போது சுவிற்சர்லாந்தில்:

ஆசிரியர் ஐயா சொன்ன மேசை விடயத்தை நானும் கண்டிருக்கிறேன். இங்கு இலங்கைக் குடியுரிமையை மட்டும் கொண்டவர்கள் துப்பாக்கி வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் சட்டம் தடை விதிக்கிறது. எனவே சுவிஸ் குடியுரிமை கிடைத்த பிறகுதான் இங்குள்ள துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்தேன். 300 மீற்றர் தூரத்தில், படுத்த நிலையில் சுடுகிறோம். படைத்துறையின் 90ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியிலேயே மடக்கக்கூடிய இருகால் தாங்கி இருக்கிறது. அந்தக் கால்கள் கடினமான கொங்கிறீற்றில் நிற்கும்போது ஒவ்வொரு வெடிக்கும் துள்ளுகின்றன. தடித்த விரிப்பில் ஊன்றி, உடலால் சற்று முன்னோக்கி அழுத்திக்கொண்டால் அடங்குகின்றன.

புதிதாகச் சேருவோருக்கு நான் முதலில் காட்டுவது, தாங்கி துப்பாக்கியில் எங்கே படுகிறது என்பதையே. அது முன்கட்டையில்தான் பட வேண்டும், குழலில் படவே கூடாது. வெடிக்கும்போது குழல் அதிர்கிறது; அந்த அதிர்வை ஒரு பொருள் தடுத்தால் சன்னம் போய்ச் சேரும் இடமும் மாறிவிடும். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, தாங்கியின் அழகையும் விலையையும் மட்டும் பேசிக்கொண்டிருந்த உறவினர் ஒருவரிடம், முன்கட்டையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டிலேயே தாங்கியில் வைக்கச் சொன்னேன். அன்று மாலையே அவர் வேறு தாங்கி தேடுவதை விட்டுவிட்டார்.

சாவகச்சேரியிலிருந்து, கிளிநொச்சியில் வயல் செய்பவர்:

பன்றிக் காவலுக்காக, ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்து, 12 போர் எனும் குழல் அளவுள்ள இரட்டைக்குழல் துவக்கு வைத்திருக்கிறேன். இதற்குக் குறித் தாங்கி தேவையா என்று சிரித்தவர்கள் உண்டு. ஆயினும் தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்க, 40 யார் தூரத்தில் பெரிய கடதாசி கட்டி, 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை விழுகின்றன என்று எண்ணும்போது, தாங்கியில்லாமல் உண்மை தெரியாது. இருந்து சுடும்போது உடல் பின்னோக்கி இசைந்து கொடுக்காததால், தோள் வாங்கும் அடி நின்று சுடுவதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதற்காக, துவக்கை முழுவதுமாகப் பூட்டி மேலே பாரம் ஏற்றும் தாங்கியை நண்பர் ஒருவர் பயன்படுத்தினார். தோள் தப்பியது, பிடங்கின் (தோளில் அணைக்கும் மரப்பகுதியின்) கழுத்து வெடித்தது. உதைப்பு போக வழியில்லாமல் மரத்தில் இறங்கிவிட்டது. தோளுக்கும் பிடங்குக்கும் இடையில் தடித்த துணிமெத்தை ஒன்றை வைப்பதே எனக்குப் போதுமாக இருக்கிறது.

துப்புரவுக்குத் தனியாக ஒரு தாங்கி வைத்திருக்கிறேன். அதைக் குறிப்பயிற்சிக்கு எடுப்பதில்லை. வாடைக்காற்றுத் தொடங்கியதும் ஈரமும் உப்பும் சேர்ந்து, கைரேகை பட்ட இடம்கூடத் துருப்பிடிக்கும். தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்த பின்னரே வேலையைத் தொடங்குவேன். குழல்களைக் கழற்றித் தாங்கியில் வைக்கும்போது வாய்ப்பகுதி சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். துப்புரவுக் கோலைப் பின்பக்கமாகச் செலுத்தினால் அழுக்கும் எண்ணெயும் முன்னால் வழிந்துவிடும். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால், அதில் இட்டு மூடிவைப்பதில்லை. ஐயாவிடம் ஒரு கேள்வி: தாங்கியில் துப்பாக்கி அமரும் கவைக்கு எதை ஒட்டுவது நல்லது?

கோப்பாயிலிருந்து:

கம்பளித் துணியை ஒட்டுங்கள், தம்பி. றப்பரும் நுரைப்பஞ்சும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், குழல் கழுவும் கரைப்பான் பட்டதும் சில வகைகள் இளகி ஒட்டிக்கொள்ளும். மெருகிட்ட மரத்தில் நாளடைவில் கறையும் விழும். கம்பளி அழுக்கானால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். கவையை ஆங்கில வீ எழுத்தைப்போல் கூராக வெட்டாமல், முன்கட்டையின் வளைவுக்கு இசையக் குழிவாக வெட்டச் சொல்லுங்கள்; கூரான கவையில் பாரம் முழுவதும் இரண்டு கோடுகளில் மட்டும் விழுந்து மரத்தை அழுத்தும். எயார் றைபிளையும் இதே தாங்கியில் துப்புரவு செய்வதானால், சுருள்வில் வகையின் காற்றறைக்குள் சாதாரண எண்ணெய் விடவே வேண்டாம். அமுக்கத்தின் சூட்டில் அது தீப்பற்றி வெடித்து, உள்ளிருக்கும் அடைப்பைக் கெடுத்துவிடும்.